தெரியாத கை

எங்கள் பள்ளியைப் பார்வையிட யார் வந்தாலும், டீச்சர் கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்கும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கேட்பார். வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர், அதாவது என் அம்மா.

அந்த வருடம், புதிதாகச் சுதந்திரம் வாங்கிய தெற்கு சூடானிலிருந்து சில ஆசிரியைகள் எங்கள் திண்டிவனத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். அவர்களில் மேரி டீச்சர் எங்கள் வகுப்புக்கு. அம்மாவிடம் "எவ்ளோ?", "தெரியுமா?" என்று கொஞ்சம் தமிழ் பழகிக்கொண்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை வைத்தே பின்னக் கணக்கு நடத்துவார். எனக்கு அவர் மேல் உயிர்.

கடைசியாக அவருக்குத் தேர்வு வகுப்பு வந்தது. "ஊருக்குப் போய் வாத்தியாருங்களுக்கே சொல்லிக் குடுக்கப் போறாங்க. இதுல பெயிலானா அவ்ளோதான். எவனும் கை தூக்காம உக்காந்துகினு இருக்கக் கூடாது," என்றாள் அம்மா. அவர் பாஸாகவேண்டுமென்று மேல்மலையனூர் அம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன்.

எங்களிடம் அத்தனை சொன்ன அம்மா, மேரி டீச்சரிடம் இந்தக் கை விவகாரத்தைச் சொல்ல மறந்துவிட்டாள்.

"மல்லாட்டை பன்னெண்டு. மூணுல ஒரு பங்கு எவ்ளோ?"

வகுப்பு முழுக்கக் கை. மார்க் போட வந்த அதிகாரி பின்னால் உட்கார்ந்து தலையாட்டினார். மேரி டீச்சர் ஆசையாக என்னைக் காட்டினார். நான் தூக்கியிருந்ததோ இடது கை.

எழுந்து நின்றேன். வாசலில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஐயோ, என்னால் அவர் பெயிலாகப் போகிறாரே! "டீச்சர், இது தெரியாத கை," என்று அழுதேவிட்டேன்.

அதிகாரி பேனாவை மூடினார். அம்மா உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி இங்கிலீஷில் விளக்கினாள். மேரி டீச்சர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "தெரியாத கை எவ்ளோ?" என்றார். பயந்து பயந்து ஒவ்வொன்றாக எழும்பின. பாதி வகுப்புக்கு மேல் இடது கை. அவர் பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து, மல்லாட்டையை முதலிலிருந்து பங்கு பிரித்தார். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அவர் பாஸானது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு மொட்டையும் விழுந்தது. ஆனால் தேர்வு நடந்த அன்று சாயங்காலம் அம்மா சுவரைப் பார்த்தபடி, "இத்தினி பேரா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

தன்னைப் போட்டுக்கொடுத்தவர்களை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். "நான் மட்டும்தாம்மா சொன்னேன்," என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதையும் என் மேலுள்ள கோபம் என்றே நினைத்தேன்.