மணிக்காரி என்று நான் வைத்த பெயர்

வளைகுடாவில், ஃபஹாஹீல் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். ரூமில் நாங்கள் இரண்டு பேர். நான் வேதக்காரி. அவள் புதுக்கோட்டைப் பக்கம், சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு என்னோடு வருவாள். பாட்டுக்காக என்பாள். பாட்டுப் புத்தகத்தில் ஒரு அடியை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த அடிக்குப் போயிருப்பாள். அது எனக்கு உறுத்தும்.

ஒரு வெள்ளி உபதேசியார் மனிக்கேயர் என்ற பழங்காலத்து மதக் கூட்டத்தாரைப் பற்றிச் சொன்னார். என் காதில் மணிக்காரர் என்றுதான் விழுந்தது. ஆதிச் சபைப் பெரியவர்கள் அந்தக் கூட்டத்தாரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களாம்: இயேசுவுக்கு மெய்யான சரீரமே இல்லை, வெறும் தோற்றம் என்பார்களாம். ஒவ்வொரு மரத்திலும் அவர் தொங்கிப் பாடுபடுகிறார் என்பார்களாம். அத்திப்பழத்தைப் பறித்தால் மரம் பாலாய்க் கண்ணீர் விடுமாம். எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "எங்க ரூம்லயே ஒரு மணிக்காரி இருக்கா. கறிவேப்பிலைக்குள்ள இயேசு இருக்காருன்னு, பொழுது சாய்ஞ்சா பறிக்க விடமாட்டா" என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. அவள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

வழியில், "நான் அப்படியாக்கா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"வெளாட்டுக்குத்தான் சொன்னேன்."

"உங்களுக்கு வெளாட்டு. இனிமே அவங்களுக்கு நான் அதுதானே?"

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கப்புறம் எந்த வெள்ளியும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூத்தவள் நான் இறங்குவதா என்றிருந்தேன். லீவில் ஊர் போனவள் திரும்பவே இல்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

வேலையை விட்டு இப்போது இதே ஃபஹாஹீலில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் உபதேசியாரிடம் கேட்டேன். "அந்த மணிக்காரங்க தங்களைப் பத்தி என்ன எழுதி வச்சாங்க?"

"மனிக்கேயர்" என்று திருத்தினார். "அவங்க புத்தகம் முக்காலும் அழிஞ்சுபோச்சு. கொஞ்சம் பின்னாடி மண்ணுக்குள்ளேருந்து கிடைச்சுது. அதுவரைக்கும் எதிர்த்தவங்க எழுதினதுதான் பெரும்பாலும்."

"எதிர்த்தவங்க எழுதினது பொய்யா?"

"முழுப்பொய்னு சொல்ல முடியாது. அவங்க சொன்னதும் இருக்கும், இவங்க கேலியும் கலந்திருக்கும்."

நான் செய்ததும் அந்தக் கலப்புதான். கூட்டத்தில் இன்றைக்கும் மணிக்காரி எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள். அதனால் எழுத்துக்கூட்டியாவது இதை எழுதி வைக்கிறேன். நாங்கள் ஒரே ரூமில் இருந்தபோது ஒரு சாயங்காலம், ரசத்துக்காகப் பால்கனித் தொட்டியில் ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடிக்கப் போனேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "செடி தூங்குதுக்கா. காலையில பறிச்சுக்கலாம்." இயேசுவின் பேரையே அவள் எடுக்கவில்லை.