நின்ற பஸ்ஸில் அழுகை வரவில்லை

2005 வாக்கில் நடந்தது. ஓசூரில் ஒரு கம்பெனி. காலை பதினோரு மணி. ஷெட்டில் என் பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டில் நான். எனக்குப் பின்னால் கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற பர்சனல் ஆபீசர், மடியில் பேப்பரும் பேனாவும். அவர் பக்கத்தில் பஸ் கான்ட்ராக்டர், என் முதலாளி. மூன்றாவது சீட்டில் பேரிகை ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தோளில் துண்டு. எதிர் வரிசையில் அவர் மகள், கம்பெனி யூனிபாரத்தில். அவளை ஒட்டி, அவள் வரிசை வேலையை மேற்பார்க்கிற லைன் லீடர் அக்கா. அவ்வளவு பேரும் பேசாமல் டேப்பில் ஓடிய கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதுதான் விசாரணை.

நான் எட்டாவது வரை படித்தவன். லாரி ஓட்டிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பேரிகையில் ஏற்றி, பாகலூர் வழியாக ஓசூரில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். எல்லோரும் பெண்கள். சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சாமான் பூட்டுகிற வேலை.

வண்டியில் பாட்டுக்குத்தான் சண்டை. தமிழ்ப் பாட்டு போட்டால் கன்னடக்காரப் பெண்கள் கத்துவார்கள். கன்னடம் போட்டால் தெலுங்குக்காரப் பெண்கள். தெலுங்கு போட்டால் எல்லோரும். "உங்களுக்கு என்ன, நாங்க மட்டும் டிக்கெட் இல்லாமலா வர்றோம்?" என்பார்கள். யாருக்குமே டிக்கெட் கிடையாது.

ஒரு நாள் லைன் லீடர் அக்கா ஒரு கேசட் கொடுத்தார். மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது ஒரு சிடி கொடுத்தாராம். அதை பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் கடையில் கேசட்டில் ஏற்றி வந்திருந்தார்.

"இதப் போடுங்கண்ணா. இது ஒருத்திக்கும் புரியாது. அடிச்சிக்க முடியாது."

விளையாட்டாகத்தான் போட்டேன். மேளம் இல்லை, புல்லாங்குழல் இல்லை. எல்லாம் கீபோர்டு. ஒரே தாளம் டப் டப்பென்று வேகமாகப் போகும். ஆடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் பாடுகிற பெண்ணின் குரலைக் கேட்டால் ஆடத் தோன்றாது. பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடினாள்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் பேசாமல் வந்தார்கள். ஒரு வாரம் போனதும் அதைப் போடாமல் வண்டி எடுக்க விடவில்லை. அர்த்தம் தெரியாத வார்த்தைகளைக் கூடவே முனகினார்கள். ஒரு தடவை டேப்பில் நாடா சிக்கிவிட்டது. ஒரு பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நாலு பேர் எடுத்தார்கள். பிள்ளைக்குக் காலில் முள் எடுப்பது போல் எடுத்தார்கள்.

அப்புறம் அழ ஆரம்பித்தார்கள். காலையில் இல்லை. சாயங்காலம் மட்டும். ஊர் தாண்டி ரோஜாச் செடி வைத்த பிளாஸ்டிக் கொட்டகைகள் வந்ததும் பேச்சு அடங்கும். கண்ணாடியில் பார்ப்பேன். ஒவ்வொருத்தியும் ஜன்னல் பக்கம் திரும்பித் துப்பட்டாவால் துடைப்பாள். அவரவர் ஸ்டாப் வந்ததும் சிரித்துக்கொண்டே இறங்கி, "நாளைக்கும் போடுங்கண்ணா" என்பார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடிக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

அக்காவிடம் கேட்டேன். "புரியாத பாட்டுக்கு எதுக்கும்மா அழுவுறீங்க?"

"தெரியலண்ணா. அழுதா நல்லாருக்குது."

"அத வூட்டுல அழலாமில்ல?"

"வூட்டுல அழுதா ஏன்னு கேப்பாங்க."

அந்த விவசாயியின் மகள் இரண்டு நாள் வீங்கிய கண்ணோடு இறங்கியிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார். அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் மொபெட்டில் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"பாட்டு கேட்டு அழுதாளாம் சார். எம்மூஞ்சில முட்டாள்னு எழுதி ஒட்டியிருக்குதா? இந்த டிரைவரு என்னமோ பண்ணியிருக்கான். என்னான்னு தெரியற வரைக்கும் எம்பொண்ணு வேலைக்கு வராது."

அவள் தலை நிமிரவே இல்லை. அப்பன் சொன்னால் சொன்னதுதான். பெண்ணின் வேலை அன்றோடு சரி என்று நினைத்தேன். என் வேலையும்தான்.

பஸ்ஸிலேயே வைத்து விசாரிக்கலாம் என்றார் ஆபீசர். ஷெட்டுக்கு நடக்கும்போது முதலாளி என் காதில் சொன்னார். "பாட்டு கீட்டுன்னு ஒளறாத. பொண்ணுக்கு ஏதோ லவ் மேட்டரு, போன்ல பேசி அழுவுதுன்னு சொல்லிடு. தப்பிச்சிக்குவ."

தப்பித்துக்கொள்ளலாம்தான். எனக்கும் இரண்டு பிள்ளைகள். சொல்லிவிடலாம் என்றே பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எந்த நேரமும் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வாய் எழவில்லை. "பாட்டுதாங்க சார்" என்று கேசட்டைப் போட்டேன்.

இரண்டு பாட்டு ஓடியது. யாரும் அழவில்லை.

"இது இங்கிலீஷே இல்லையே. என்ன பாஷைம்மா?" என்று அக்காவிடம் கேட்டார் ஆபீசர்.

"அந்த இன்ஜினியர் ஊரு பாஷை சார்."

"எந்த ஊரு?"

"தெரியாது சார்."

முதலாளி கொட்டாவி விட்டார். விவசாயி துண்டை உதறினார். "பாத்தீங்களா சார்? யாரு அழுதா? எலும்பில்லாத நாக்குல எத வேணா சொல்றானுங்க."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். சாவியைக் கழற்றக் கை போனது. அப்போது அக்கா எழுந்தார்.

"சார், வண்டிய ஓட்டச் சொல்லுங்க. நின்ன வண்டியில அழுக வராது."

ஆபீசர் சிரித்துவிட்டார். ஆனால் என்ன நினைத்தாரோ, "செரி, பாகலூர் வரைக்கும் போய் வா" என்றார்.

கேசட்டை முதலிலிருந்து போட்டு வண்டியை எடுத்தேன். ஊருக்குள் லாரி ஹாரனில் பாட்டே கேட்கவில்லை. ரயில்வே லைனைத் தாண்டினோம். கொட்டகைகள் வந்தன. அப்புறம் கோஸ் வயல்கள். நான் பெண்ணைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அழவில்லை. பயத்தில் எங்கே அழுகை வரும்? அக்காவும் அழவில்லை. முதலாளி தூங்கிவிட்டார்.

அந்த விவசாயி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். பிறகு துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. ஆபீசர் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தன் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பாகலூர் வந்தது. கேசட் டக்கென்று நின்றது. 

"திருப்புப்பா, ஆபீசுக்குப் போலாம்" என்றார் ஆபீசர்.

"இருங்க சார்." விவசாயி துண்டை முகத்திலிருந்து இறக்கினார். என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னொரு பக்கம் இருக்குதா?"

திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் முடியட்டும் என்று வண்டியைத் திருப்பாமல் பேரிகை வரை விட்டேன்.  யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபீசர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கம்பெனிக்குத் திரும்பியதும் விவசாயி மொபெட்டை உதைத்தார். மகளிடம் "வேலையப் பாரு, போ" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கு அழுதார் என்று நாங்களும் கேட்கவில்லை.

அந்த வாரம் பஸ்ஸில் எல்லோரும் ஆளுக்கொரு கேசட் வேண்டும் என்றார்கள். எத்தனை என்று ஒரு தாளில் எழுதி அந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்தேன். "எந்தப் படம்ணா இது, இவ்ளோ பேர் கேக்கறாங்க?" என்றார் கடைக்காரர். தெரியாது என்றேன். அந்தப் பெண் மட்டும் இரண்டு கேட்டாள்.

"ஒண்ணு எங்கப்பாவுக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கண்ணா."

"வூட்டுல டேப் இருக்குதா?"

"இல்ல. வாங்கப்போறாராம்."

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த ரூட்டில் ஓட்டினேன். தினமும் அதே கேசட். எனக்கு ஒரு நாளும் கண் கலங்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரியாததைப் பொய் என்று மட்டும் அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை.

பஸ்ஸில் பெண்கள் முப்பத்தெட்டு. கடையில் போட்ட கேசட் முப்பத்தொன்பது.