திராட்சைப் பந்தலும் குறையாத தண்ணீர்க் குடமும்

போன வாரம் ராயப்பன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன்.

(வேலை நேரத்தில்தான். ஒர்க்ஷாப்புக்கு நானே முதலாளி, யாரிடம் போய் லீவு கேட்பது?)

தலைக்கு மேலே பந்தல். இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். காற்று வரும்போதெல்லாம் பச்சை வெளிச்சம் முகத்தில் ஆடியது. கைக்கு எட்டும் உயரத்தில் கருப்புக் குலைகள். கீழே ஒரு செடி கிடையாது, வரிசையாகக் கல்தூண்கள் மட்டும். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்வை தடங்கலே இல்லாமல் போனது.

"இப்படி ஒரு இடத்தில் வேலை பார்க்க யாருக்குக் கசக்கும்?" என்று நினைத்துக்கொண்டேன்.

அதை நினைவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்காக அசிங்கப்படப் போகிறேன்.

எனக்குப் பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்ன ஒர்க்ஷாப். விவசாயத்துக்கான மெஷின்களை டிசைன் செய்து, நானே வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன். இந்தத் தோட்டம் அருள்மேரி அக்காவுடையது. போன மாதம் போனில் அழாத குறையாகப் பேசினார்.

"பழம் வெட்ட ஆளே வர மாட்டேங்கிறாக. எட்டுப் பேரு வந்த எடத்துல மூணு பேருதான் வாராக. மழை எறங்குனா பழம் பூராம் வெடிச்சிரும். வெட்டுறதுக்கு ஒரு மெஷின் செஞ்சு குடும்மா."

அவர் போனை வைப்பதற்குள் என் மண்டைக்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

டிசைன் நோட்டில் முதல் பக்கம் "பிரச்சினை என்ன?" என்று எழுதிய பிறகுதான் அடுத்த பக்கம் போக வேண்டும். காலேஜில் படித்தது. நானும் எழுதினேன். "வெட்ட ஆள் போதவில்லை."

ஒரே வரி. பத்து நொடி.

அதற்கடுத்த நாற்பது பக்கமும் மெஷின் படம்தான்.

கனவு வேறு. பந்தலுக்கு அடியில் என் மெஷின் தானாக மிதந்து போகிறது, குலைகள் ஒவ்வொன்றாக அதன் மடியில் வந்து உட்காருகின்றன. மேடையில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். (மாம்பழக் கலர் புடவை. பிளவுஸ்கூட முடிவு செய்துவிட்டேன்.)

பதினைந்து நாளில் மெஷின் தயார். நீளக் குழாய், முனையில் பேட்டரி கத்தரி, வெட்டிய குலையைத் தாங்க வலைக்கூடை. நன்றாகவே வெட்டியது. அன்று ட்ரயலுக்குத்தான் தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

பழம் வெட்டுகிற மூன்று பெண்களில் பேச்சியக்காதான் முதலில் வாங்கிப் பார்த்தார். நாலு குலை வெட்டினார். மெஷினைப் பக்குவமாகத் தூணில் சாய்த்து வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா வெட்டுறதுல என்ன கஷ்டம் இருக்கு? கையில ஏந்திப் பாத்தாத்தான் சொத்தப் பழம் தெரியும்."

அவர்கள் வேலையைத் தொடர, நான் கொஞ்சம் மனம் சுணங்கித்தான் மல்லாக்கப் படுத்தேன். தூணோரம் ஒரு நீலக் குடத்தில் தண்ணீர் இருந்தது. வெயிலுக்கு நான் மட்டும் நாலு டம்ளர் குடித்தேன்.

பதினொரு மணி வாக்கில் அடிவயிறு முட்டியது. எழுந்து சுற்றிப் பார்த்தேன்.

அந்தக் கோடியில் லாரியில் லோடு ஏற்றுகிற ஆட்கள். இந்தக் கோடியில் ரோடு. நடுவில் தூண்கள். ஒரு சேலை மறைவு கூட இல்லை.

"அக்கா, எங்கன போறது?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சியக்காதான் சொன்னார்.

"இங்கன எங்கிட்டுப் போறது? காலைல வீட்டுலயே முடிச்சிட்டு வந்துருவோம். அப்பறம் சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான்."

"அது வரைக்கும்?"

"தண்ணி குடிச்சாத்தான வரும்? குடிக்கிறது இல்ல."

அப்போதுதான் குடத்தைப் பார்த்தேன். காலையில் கொண்டு வந்தது. நான் குடித்த நாலு டம்ளர்தான் குறைந்திருந்தது.

"வராமப் போன அஞ்சு பேரும் எங்க வேலை பாக்குறாக?"

"வாழைத் தோப்புக்குப் போறாக. ரெண்டு பேருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சாக. வாழைன்னா அங்கன மறைவு இருக்கும்ல?"

"அருள்மேரி அக்காட்ட ஏன் சொல்லல?"

"அவுக ஸ்கூட்டில வீட்டுக்குப் போயிட்டு வந்துருவாக. ஏவாரி, லாரிக்காரவுகன்னு எந்நேரமும் ஆம்பளையாளுக நிக்கிறாக. இதைப் போயி எப்புடி ஆத்தா சொல்றது?"

தடங்கலில்லாத பார்வை என்று ரசித்தேனே, அதேதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அருள்மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். (முதல் வேலையை முதலில் முடித்துவிட்டு) சொன்னேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன வருசமா இவுக கூட நிக்கிறேன். ஒரு நாளு எனக்குத் தோணல பாரேன்."

நோட்டை எடுத்து முதல் பக்கத்தை அடித்துவிட்டு எழுதினேன். "நாள் முழுக்கப் பெண்கள் ஒதுங்க இடமில்லாத தோட்டம்." அதை எழுதி முடித்ததும் படம் வரைய ஒன்றுமே மிச்சமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியும்.

மறுநாளே மோட்டார் ரூமுக்குப் பின்னால் கழிப்பறைக்குக் குழி எடுத்து சிமென்ட் உறை இறக்கினார்கள். பேசின் பதித்து, குழாய் இழுத்து, சுற்றிலும் தகரம் அடித்தோம். கதவுச் சட்டத்துக்கு என் மெஷினின் குழாயை அறுத்துக் கொடுத்தேன். உள்தாழ்ப்பாளை மட்டும் ரொம்ப நேரம் எடுத்து, ஆசை ஆசையாக வெல்டிங் வைத்தேன். மேடையும் இல்லை, மாம்பழக் கலரும் இல்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மெஷின் செய்த பதினைந்து நாளில் ஒரு மழை பெய்து, கிழக்கே நாலு வரிசைப் பழம் வெடித்துப் போனது. முதல் நாளே தோட்டத்துக்குப் போய், நாலு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால் அதுவும் தப்பித்திருக்கும்.

உங்கள் வேலையிலும் இப்படிப் பத்து நொடியில் எழுதிய முதல் பக்கம் ஏதாவது இருக்கிறதா? கமென்டில் சொல்லுங்கள், சேர்ந்து அசிங்கப்படுவோம்.

இன்று காலை அருள்மேரி அக்கா போன் செய்தார். வாழைத் தோப்புக்குப் போனவர்களில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்களாம். குரலில் லேசாக ஒரு சலிப்பு.

"பத்து மணிக்கெல்லாம் குடம் காலி. இன்னொரு குடம் கொண்டு வரச் சொல்லுறாக."