மரியமலர் கழுவிய வான்கோழி

டிசம்பர் முப்பத்தோராம் திகதி பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, கணவர் எலியாஸுக்குத் தெரியாமல் மரியமலர் வான்கோழியைக் கழுவினார்.

ஐந்து கிலோ இருநூறு கிராம் எடையுள்ள பறவை. எலியாஸ் அதற்கு உப்புத் தடவி, இரண்டு நாள் மூடாமல் ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் காயவிட்டிருந்தார். தோல் காகிதம் போல் இறுகிப்போயிருந்தது. ஃபிரிஜ் கதவில் ஒரு காகிதத் துண்டும் எழுதி ஒட்டியிருந்தார்: தண்ணீர் படக்கூடாது.

"ஏனப்பா?" என்று மரியமலர் கேட்டதற்கு, "தண்ணி பட்டால் தோல் மொறுமொறெண்டு வராது" என்று மட்டும்தான் சொன்னார்.

தோல் எப்படி வந்தாலும் மரியமலருக்குக் கவலையில்லை. வெடுக்கு மணத்தோடு ஒரு இறைச்சியை ஆட்களுக்கு முன்னால் வைப்பதுதான் அவரால் முடியாத காரியம். மன்னார் பேசாலையில் பிறந்தவர். மீன் மணம் அங்கே காற்றோடு இருந்தது, யாரும் மூக்கைச் சுளித்ததில்லை. 1989இல் நோர்வேக்கு வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் மீன் வெட்டினார். ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி அமர்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின் இருக்கைக்குப் போனாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கழுவல். ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்த பின்னும் அது விடவில்லை. அரிசிக்கு ஐந்து தண்ணீர், கோழிக்கு ஏழு. "நீர் தண்ணியையும் கழுவிப்போட்டுத்தான் குடிப்பீர்" என்று எலியாஸ் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே, எலியாஸ் பின்முற்றத்தில் பனி வெட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு வயிற்றின் உட்பக்கத்தைத் தேய்த்தார். இரண்டு தரம் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி ஊற்றினார். மூன்றாம் தரம் நிரப்பும்போது பின்படியில் சப்பாத்துத் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமாக ஒருதரம் கவிழ்த்து, வெளித்தோலைக் காகிதத்தால் ஒற்றி, பறவையை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார். கழுத்துப் பக்கத்துத் தோலை எலியாஸ் மடித்து ஈர்க்குக் குத்தியிருந்தது அவருடைய நினைவில் இல்லை. அந்தப் பைக்குள் தண்ணீர் நின்றது.

எலியாஸ் கையுறையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

முழுப் பறவையையும் எண்ணெயில் பொரிக்கிற யோசனைக்குக் காரணம் மரியமலரின் தம்பி கிளெமென்ற். ஆண்டு முடிவில் துரொண்ட்ஹெய்மிலிருந்து வருகிறவர். போன தடவை சூட்டடுப்பில் வாட்டிய வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டு, "அத்தான், இது கோழியோ தலையணைப் பஞ்சோ?" என்று கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதியான எலியாஸ் அதை ஓராண்டாக மறக்கவில்லை. தேவாலய விருந்துக்குச் சமைக்கிற கிடாரத்தை இரவல் வாங்கி, வீட்டின் மரச்சுவரிலிருந்து நான்கு மீற்றர் அளந்து காஸ் அடுப்பை வைத்தார். பதினொரு லீற்றர் எண்ணெய்.

மூன்று இருபத்தைந்துக்கு எண்ணெய் 175 பாகைக்கு வந்துவிட்டது. வெளியே மைனஸ் ஆறு. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் அதற்குள் பொழுது பட்டிருந்தது. எலியாஸ் உள்ளே வந்தபோது மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவிப் புகார் பிடித்திருந்தது. தட்டோடு பறவையை எடுத்தார், போனார். மரியமலர் கோப்பை கழுவுவதுபோல் திரும்பியே நின்றார்.

கிளெமென்ற் தேநீரோடு குசினி மேசையில் இருந்தார்.

"அத்தான் வலு கவனம் அக்கா. ரெண்டு கிழமையா எனக்கு வீடியோவா அனுப்பிறார்."

"என்ன வீடியோ?"

"கோழி வெடிக்கிற வீடியோதான். வயித்துக்கை ஒரு கோப்பை தண்ணி கிடந்தால் காணும். எண்ணெய் பொங்கி அடுப்பில விழும். ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பும். ஒருத்தற்ர வீடே எரிஞ்சு போட்டுது." அவர் தேநீரை ஊதினார். "உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். சொன்னால் நீங்கள் விடமாட்டீங்களாம்."

மரியமலரின் கையிலிருந்த கோப்பை சிங்கில் விழுந்தது.

யன்னலுக்கு அப்பால் எலியாஸ் பறவையின் கால்களைக் கம்பிக் கொளுக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். தலைகீழாக. கழுத்துப் பக்கம் கீழே. இரண்டடி தள்ளி மகள் லீசா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் நீலச் சுவாலை கிடாரத்தின் அடியைச் சுற்றி நின்றது.

மரியமலர் யன்னலில் தட்டினார். மூன்று அடுக்குக் கண்ணாடி. எலியாஸ் நிமிர்ந்து பார்த்தார். மனைவி கையாட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டு தானும் கையாட்டினார். பிறகு கொளுக்கியைத் தூக்கினார்.

சப்பாத்துப் போட நேரமில்லை. காலுறையோடு படியில் இறங்கி, பனிக்குள் கணுக்கால் புதைய ஓடினார். வேண்டாம் என்று கத்தியிருக்கலாம், நில்லுங்கோ என்று கத்தியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"கழுவிப்போட்டன்! ஐயோ, நான் அதைக் கழுவிப்போட்டன்!"

அயல்வீட்டில் யாரோ யன்னல் திறந்தார்கள். எலியாஸின் கை கிடாரத்துக்கு மேலே நின்றது. பறவையிலிருந்து நாலைந்து துளி எண்ணெயில் விழுந்தது. பட்பட்டென்று வெடித்து, விளிம்பைத் தாண்டித் தெறித்த எண்ணெய் சுவாலையில் பட்டதும் முழங்கால் உயரத்துக்கு நெருப்பு எழும்பி அணைந்தது. லீசா கிறீச்சிட்டுப் பின்னால் விழுந்தாள். எலியாஸ் பறவையை ஒரே வீச்சில் பனியில் எறிந்துவிட்டு, குனிந்து காஸை மூடினார்.

பறவை சரிந்து விழுந்து, வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் பனியில் ஓடியது. கொஞ்சமல்ல. முந்நூறு மில்லிலீற்றராவது இருக்கும்.

எலியாஸ் குனிந்து அந்த மஞ்சளைப் பார்த்தார்.

"எப்ப கழுவினீர்?"

"ரெண்டு பத்துக்கு."

"கதவில எழுதி ஒட்டினனான் எல்லோ?"

"தோல் மொறுமொறெண்டு வராதெண்டுதானே சொன்னீங்கள். ஆள் எரியுமெண்டு சொன்னீங்களோ?"

"சொன்னால் விட்டிருப்பீரோ?"

"விட்டிருக்கமாட்டன்."

கிளெமென்ற் வாசலில் அக்காவின் சப்பாத்தோடு நின்றார். "நல்ல சோடி. ஒராள் நெருப்பை ஒளிச்சவர், மற்றாள் தண்ணியை ஒளிச்சவ."

எலியாஸின் வலது கையுறையில் மூன்று கறுத்த புள்ளிகள் இருந்தன. மரியமலர் கையுறையைக் கழற்றி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"பீட்சா எடுப்பமே?" என்றாள் லீசா.

"ஒருத்தரும் ஒண்டும் எடுக்க வேண்டாம்" என்றார் எலியாஸ். மனைவியிடம் திரும்பினார். "உம்மட ஹோர்ஃபோனரைக் கொண்டு வாரும்."

தலைமயிர் காயவைக்கிற அந்தக் கருவியை மரியமலர் நாற்பது நிமிடம் பிடித்தார். எலியாஸ் ஈர்க்கைப் பிடுங்கிவிட்டு, பறவையை மேசையில் நிமிர்த்திப் பிடித்தார். முகத்துக்கு முகம் அரை மீற்றர் தூரந்தான். வயிற்றுக்குள் வைத்த காகிதம் மூன்றாம் முறை காய்ந்தபடி வெளியே வந்தது. நாலாம் முறையும் வைத்துப் பார்த்தார்கள்.

நான்கு ஐம்பதுக்கு எண்ணெய் மறுபடி சூடானது. இம்முறை எலியாஸ் பறவையை இறக்க முதலே காஸை மூடினார்.

"நீர் உள்ளுக்கை போம்."

"போகமாட்டன்."

கிடார மூடியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு மரியமலர் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றார். எலியாஸ் கழுத்து நுனியை மட்டும் தோய்த்துத் தூக்கினார். சீறியது. மறுபடி தோய்த்தார். விரற்கடை விரற்கடையாக இறக்க இரண்டு நிமிடம் எடுத்தது. எண்ணெய் பொங்கிப் பொங்கி விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. எண்ணெய் ஒருமுறை அசைந்து, மெல்ல இறங்கியது. எலியாஸ் காஸைத் திரும்பப் பற்றவைத்தார்.

ஆறு மணிக்கு மேசையில் கிளெமென்ற் முதல் துண்டைக் கடித்தார். தோல் நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மரியமலர் தன் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் வைத்தார்.

"வெடுக்கில்லை, அக்கா" என்றார் கிளெமென்ற்.

எலியாஸ் நெடுநேரம் மென்றார். "வாற வருசம் உப்புப் போட முதலே கழுவும். நான் தண்ணி ஊத்திறன்."

"வாற வருசமும் பொரிக்கப் போறீங்களோ?" என்று கேட்டார் மரியமலர். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பின்முற்றத்துப் பனியில் அந்த மஞ்சள் நிறம் ஜனவரி நான்காம் திகதி புதுப்பனி விழும்வரை இருந்தது. குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் எலியாஸ் அதன்மேல் கால் வைக்காமல் சுற்றித்தான் போனார்.