அக்காளின் இலையில் பம்பளிமாஸ்

தண்டாயுதபாணியின் அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது அவருடைய அக்காள் பூவாத்தாளின் சிறுநீரகம். ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டிய அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது, "எனக்கெதுக்குடா சாமி ரெண்டு?" என்று சிரித்தபடி ஒன்றைக் கொடுத்தவள் அவள். ஈராண்டு கழித்துப் பாம்பு தீண்டி அவள் இறந்தாள். அவளில் உயிரோடு எஞ்சியது அது ஒன்றே. அதைக் கெடுத்துவிட்டால் அவளை மறுபடியும் சாகவிட்டதாகும் என்று அவர் அஞ்சினார்.

ஆகவே பத்தியத்தில் பிசகமாட்டார். காய்களை வேகவைத்து, நீரை வடித்தே உண்பார். இளநீரை ஏறெடுத்தும் பாரார். சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் பம்பளிமாஸில் குறைவு என்று கைப்பேசியில் யாரோ சொல்லக் கேட்டு, அவர் மனைவி அன்புச்செல்வி மகிழ்ந்தாள். பூவாத்தாளுக்கு உயிரான பழம் அது. தை அமாவாசைப் படையலில் அவளது இலையில் சுளைகளை வைத்தார்கள். இறந்தவரின் இலையை உடன்பிறந்தவர் உண்பது அவ்வீட்டு வழக்கம். முன்பெல்லாம் அப்பழத்தின் வாடையே ஆகாதவருக்கு அன்று கசப்பு இனித்தது. பிறகு நாள்தோறும் உண்டார்.

சில நாள்களில் தேநீர்க் குவளை அவர் கையில் கிலுகிலுத்தது. சுண்டுவிரல் மட்டும் தனியே துடித்தது. பூவாத்தாளுக்கும் அப்படித்தான் துடிக்கும்.

"ஏனுங்க, அது உங்க கையாட்டவே இல்லீங்க."

"பின்னே உங்கொப்பன் கையா?" என்றார் அவர். சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் எட்டிப் பார்த்தாள். "பூவாத்தா வந்திருக்கறா. கேக்கறதக் குடுங்க, அடங்கிருவா."

வெள்ளிதோறும் படையல் நடந்தது. நடுக்கம் பெருகியது, உள்ளங்கால் எரிந்தது. "போதுமா அக்கா?" என்று தம் கையிடமே கேட்பார். கை இன்னும் நடுங்கும்.

சேலத்து மருத்துவர் இரத்த அறிக்கையைக் கண்டு திடுக்கிட்டார். "கிட்னிய ஒடம்பு தள்ளாம இருக்கத் தர்ற மருந்து, ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறியிருக்கு. புதுசா என்ன சாப்பிடறீங்க?"

"பம்பளிமாசுங்க."

"அந்தப் பழம் மருந்த ஒடம்புல சிதைய விடாதுங்க, அப்படியே ரத்தத்துல சேந்துரும். நடுக்கம் அதனாலதான். இப்படியே போனா கிட்னி போயிரும்."

பழத்தை நிறுத்தினார். நடுக்கம் நின்றது. யாரோ எழுந்து போன நாற்காலியைப்போல அந்தக் கை வெறுமையாகக் கிடந்தது.

ஆடி அமாவாசை வந்தது. இலையில் சோறு, வடை, பாயசம் எல்லாம் இருந்தன; பம்பளிமாஸ் இல்லை. கூரையில் காகங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. காகம் தொடாமல் அவ்வீட்டில் யாரும் உண்பதில்லை. பொழுது சாய்ந்தது; மாத்திரை வேளையும் வந்தது.

"ஒரே ஒரு சுளை வெச்சுப் பாக்கலாங்களா?"

"வெச்சா நாந்தான் திங்கோணும், புள்ள."

அவர் எழுந்து கூரையை நோக்கினார். "கோவிச்சுக்காத அக்கா. நீ குடுத்தது பொழைக்கோணும்."

காகம் தொடாத சோற்றில் ஒரு கவளத்தை விழுங்கி, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். காகங்கள் கரையவில்லை, பறக்கவுமில்லை. இருட்டும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.