ஜீப்புக்கு இன்னொரு டேங்க்

திண்டுக்கல்லிலிருந்து பழனி, பழனியிலிருந்து திண்டுக்கல். பஸ் ஓட்டிய காலம் முழுக்க எனக்கு இதுதான் உலகம். பழனி பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் கை அரிக்கும். திருப்பாமல் நேராக உடுமலைப் பக்கம் விட்டால் என்ன? பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அடிக்க வருவார்கள், வேறென்ன. ஓய்வு பெற்ற கையோடு, எரியோட்டில் ஒரு தோட்டத்து ஓரமாகக் கிடந்த பழைய டீசல் ஜீப்பை வாங்கிவிட்டேன். லடாக் போக வேண்டும். போயே ஆக வேண்டும். டீ குடிக்க உட்கார்ந்தால்கூடக் கால் கிளட்ச்சைத் தேடியது.

"ஓஞ்சு உக்காருவீங்கன்னு பாத்தா, இது வேறயா?" என்றாள் என் மனைவி.

மலைமேல் வெகுதூரத்துக்கு பங்க் இருக்காது என்று யாரோ சொன்னதிலிருந்து, இன்னொரு டேங்க் வைக்கும் பைத்தியம் பிடித்தது. பைபாஸில் ஒரு வெல்டிங் பட்டறையில் தவம் கிடந்தேன். பட்டறைக்காரருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. தகட்டை வெட்டுவார், டீ குடிப்பார், மடக்குவார், போனில் பேசுவார். "அண்ணே, செத்த நேரம் சும்மா உக்காருங்கண்ணே. நீங்க நடக்குற நடையில எனக்கு வெல்டிங் கோணுது" என்று ஒருநாள் கத்தியே விட்டார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டேன்.

ஒருவழியாகப் பின்சீட்டுக்கு அடியில் டேங்க் ஏறியது. அதன் வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கால் பக்கத்தில் ஒரு திருகு. திருப்பினால் பழைய டேங்கிலிருந்து புது டேங்குக்கு மாறிவிடும். புது டேங்க் மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டுமல்லவா, அதற்காக.

வீட்டு வாசலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "பழனி வரைக்கும் போயி முருகனக் கும்பிட்டு வருவோம், நானும் வாரேன். வழியில ஒரு எடத்துல நின்னாலும் வண்டிய வித்துரணும். லடாக்கும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

"நிக்காமப் போனா?"

"தாராளமாப் போங்க. நா ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவள் சொன்ன சொல் தவற மாட்டாள். அதுதான் எனக்குத் தெம்பு, அதுதான் பயமும்.

கிளம்பும் காலையில் பூஜை. ஸ்டியரிங், முன்கண்ணாடி, நாலு சக்கரம், புது டேங்க் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. எனக்கா பொறுமை இருக்கும்? வாசலிலேயே திருகைப் புது டேங்குக்கு மாற்றிவிட்டேன்.

ரெட்டியார்சத்திரம் தாண்டுகிற வரை ராஜநடை. அப்புறம் இருமியது. மூச்சு வாங்கியது. நின்றேவிட்டது.

அவள் ரோட்டோரத் தென்னந்தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

பானட்டைத் திறந்தேன், மூடினேன், குழாயைத் தட்டினேன். பட்டறைக்காரரை அவர் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். பழைய டேங்குக்கு மாற்றி எப்படியாவது கிளப்பிவிடலாம்தான், ஆனால் நின்றது நின்றதுதானே. வண்டி போச்சு. லடாக் போச்சு. இனி காலையில் பால் வாங்கப் போவதும் சாயங்காலம் பால் வாங்கப் போவதும்தான் என் பயணம். சத்தியமாக அழுகை வந்தது.

கடைசியில், உள்ளே டீசல் இருக்கிறதா என்றாவது பார்ப்போமென்று புது டேங்கின் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தால், நட்டநடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஓட்டை இருந்த சுவடே இல்லை.

சொல்லாவிட்டால் வண்டியை விற்றாக வேண்டும். சொன்னால், சாமியை நினைத்து அவள் வைத்த சந்தனம்தான் வண்டியை நிறுத்தியது என்று அவளிடமே சொல்ல வேண்டும். யோசிக்கிற ஆளா நான்? "இந்தா பாரு, நீ வச்ச சந்தனந்தான் அடச்சிருக்கு! வண்டி மேல குத்தமே இல்ல!" என்று கத்திக்கொண்டே மூடியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஓட்டையை நிதானமாகக் குத்திச் சுத்தம் செய்தாள். "அப்ப இது நின்ன கணக்குல வராது. நீங்க போகலாம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஆடிப்போனேன். "ஏ, என்னாத்துக்கு அழுகுற? தெரியாமத்தான வச்ச?"

"வைக்கும்போதே, முருகா, இது வழியில நின்னுரணும்னுதான் வேண்டுனேன். நின்னுருச்சு. என் கையாலயே நின்னுருச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விக்கச் சொல்றது?"

"நா போறது உனக்கு அம்புட்டுப் பிடிக்கலையா?"

"பஸ்ஸு ஓட்டுன காலத்துலதான் பாதி நாள் தனியாக் கெடந்தேன். இனியாச்சும் வீட்டுல மனுசன் இருப்பாருன்னு நெனச்சேன். நீங்க இம்புட்டுப் பெரிய டேங்க்கா வைக்கிறதப் பாத்தா, திரும்பி வர்ற மாதிரியே தெரியல."

இந்த ஜீப்பின் குலுக்கலெல்லாம் அவளுக்கு ஒத்துவராது என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். ஒரு லாரி எங்களை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூடியை அவள் கையிலிருந்து வாங்காமல் அப்படியே நின்றேன்.

"அப்ப நீயும் கூட வாரியா?"

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதக் கேக்குறதுக்கு வண்டி நிக்கணுமா?"