பலகை பிடிக்க ஓர் ஆள்

வண்டியின் வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியும் மெரில் ஹல்ஸ் சாவியைத் திருப்பவில்லை. வேலை பார்க்கும் பால் தொழிற்சாலையில் கேட்டவர்களிடமெல்லாம் குளிர் குறையட்டும் என்றான். ஏப்ரல் பிறந்துவிட்டது. ரூபர்ட் ஊரைச் சுற்றி உருளைக்கிழங்கு நடவுக்கு நிலத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். குளிர் போய்ப் பல நாளாயிற்று.

அவனுக்கு வேண்டியிருந்தது பலகை பிடிக்க ஓர் ஆள்.

பெட்ரோல் இஞ்சினைச் சாவியால் நிறுத்திவிடலாம். டீசல் இஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் சீல் கசிந்து எண்ணெய் காற்றோடு உள்ளே போனால், அந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு அது வேகம் எடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. டீசல் குழாயைப் பிடுங்கினாலும் நிற்காது. சிதறும்வரை ஓடும். மூச்சை அடைத்தால்தான் உண்டு. அதனால் புதிதாகக் கோத்த இஞ்சினை முதல்முறை கிளப்பும்போது டர்போவின் வாயருகே ஒருவர் பலகையோடு நிற்பார். கையை வைத்து மூடப் பார்த்தவர்களுக்கு விரல் மிஞ்சாது.

ஆறு வருடங்களுக்கு முன் மெரிலின் அண்ணன் ஆரின் கோத்த இஞ்சினுக்கு மெரில் பலகை பிடித்தான். சத்தம் ஏறியது. ஆரின் சாவியை அணைத்தான். சத்தம் இன்னும் ஏறியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. மெரில் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க முடிந்தபோது அவன் கொட்டகை வாசலில் நின்றிருந்தான், பலகை கையிலேயே இருந்தது. உள்ளே இஞ்சினின் பக்கச்சுவரைக் கிழித்துக்கொண்டு ஓர் இரும்புத் தண்டு பறந்துபோய் வைக்கோல் கட்டுக்குள் செருகிக்கொண்டது.

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றான் ஆரின். பிறகு துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினான். அதைப் பற்றி அவன் அதற்குமேல் பேசவே இல்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பெட்ரோல் பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டான். மெரிலை அதிகம் வருத்தியது, பலகை பிடிக்க ஆளே தேவைப்படாத அந்தப் பெட்ரோல் வண்டிதான். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஆரின் மட்டும் மெரிலின் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

மெரிலுக்கு வண்டி கட்டாமல் இருக்க முடியாது. ஒரு பண்ணை ஏலத்தில் மங்கிய பழுப்பு நிற டீசல் பிக்கப் கிடைத்தது. கதவில் மாடு உதைத்த பள்ளம். அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டான். உள்ளே எதையும் அப்படியே விடவில்லை. டீசலைப் பீச்சும் பெரிய இஞ்செக்டர்கள், இஞ்சின் தலையை இறுக்கிப் பிடிக்கத் தடித்த போல்ட்டுகள், புதிய கியர்பெட்டி, பெரியது சின்னதற்கு ஊட்டுகிற மாதிரி இரண்டு டர்போக்கள். பந்தயத்துக்கு அல்ல. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும், கடைக்குப் போகவேண்டும், பக்கத்தில் மனைவி உட்காரவேண்டும். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு தெருவில் போகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. டீசலை எரிக்கத் தெரியாதவர்கள் என்பான்.

மனைவி லரூ போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கொடியில கெடக்கிற துணி கருத்துச்சுன்னா, உன் வண்டிய நானே வாய்க்கால்ல தள்ளிடுவேன்."

கடைசியில் பலகையையும் அவளிடமே கொடுத்தான். மாட்டுத்தொழுவ ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டிய பலகை. ஒரு வாரமாகப் பயிற்சி. அவள் பாத்திரம் கழுவும்போது பின்னாலிருந்து "இப்ப!" என்று கத்துவான். அவள் கையில் இருக்கும் தட்டை எங்கேயாவது பொத்த வேண்டும். இரண்டு தட்டு உடைந்தது. மூன்றாவதை அவன் முகத்தில் பொத்தினாள்.

சனிக்கிழமை காலை கொட்டகை வாசலில் பெட்ரோல் பிக்கப் வந்து நின்றது. ஆரின் இறங்கினான்.

"லரூ போன் பண்ணா. வீட்ல தட்டே இல்லையாம்."

மெரில் மனைவியைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"நீ பிடிக்கணும்னு இல்ல, ஆரின்."

"பின்ன எதுக்கு வந்தேன்? சோடா குடிக்கவா?" பலகையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டர்போவின் வாயருகே போய் நின்றான். "திருப்புடா."

மெரில் சீட்டில் உட்கார்ந்தான். உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டான். இரண்டு குளிர்காலத்து உழைப்பு அந்த மனிதனின் கையில் இருந்தது. அவன் இப்போது திரும்பி வாசலுக்கு நடந்தால் தன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று மெரிலுக்குத் தெரியும்.

திருப்பினான். இஞ்சின் இருமிப் பிடித்தது. சத்தம் ஏறியது.

டப். செத்துப்போனது.

"என்ன ஆச்சு?"

"ஏறிச்சு," என்றான் ஆரின். பலகை டர்போவின் வாயில் ஒட்டியிருந்தது.

"எல்லா இஞ்சினும் பிடிச்சதும் ஒரு தடவ ஏறித்தான் இறங்கும்!"

"எனக்கே சொல்லித்தர்றியா? திருப்பு."

திருப்பினான். பிடித்தது. ஏறியது. டப்.

லரூ சிரிப்பை அடக்க முடியாமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான்கூட இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன், ஆரின். வண்டிக்குப் பிறக்கவே விருப்பமில்லாம பண்ணிட்டீங்க!"

ஆரின் சிரிக்கவில்லை. பலகையை இன்னும் அழுத்திப் பிடித்திருந்தான். மெரில் இறங்கி அருகே போனான்.

"இங்க நின்னா வேற மாதிரி இருக்குடா," என்றான் ஆரின் மெதுவாக. "சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது. அன்னிக்கு இது மாதிரி பத்து மடங்கு இருந்திருக்கும். நான் பாட்டுக்கு சீட்ல உட்கார்ந்திருந்தேன், எனக்கென்ன தெரியும்? நானா இருந்தா உனக்கு முன்னாடி வாசல்ல நின்னிருப்பேன்."

மெரில் அண்ணனின் தோளில் எண்ணெய்க் கையை வைத்தான். சட்டை வீணானது.

"போ, போய்த் திருப்பு. இந்தத் தடவ கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன்."

மூன்றாம் முறை இஞ்சின் பிடித்தது, ஏறியது, தயங்கியது, இறங்கியது. பிறகு சீராக, சோம்பலாக ஓடியது. மெரில் சாவியை அணைத்தான். உடனே நின்றது. அந்த நிசப்தத்தை அவன் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு நல்ல சத்தத்தை அவன் கேட்டதில்லை.

மத்தியானம் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, காற்று வடிகட்டியைப் பொருத்தி, மூவரும் ஊருக்குள் போனார்கள். லரூ நடுவில். அந்தப் பக்கத்து வழக்கப்படி தேங்காய்ப் பாகு ஊற்றிய சோடா வாங்கிக்கொண்டார்கள். சிக்னலில் பளபளப்பான கார் ஒன்று பக்கத்தில் வந்து உறுமியது. அதை ஓட்டியவன் கதவின் பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"விட்டுடு," என்றாள் லரூ.

"விட்டுட்டேன்," என்றான் மெரில். பச்சை விழுந்ததும் கார் பறந்தது. அவன் நிதானமாகக் கிளம்பினான்.

ஊரைத் தாண்டி, பீட்ரூட் வயல்களுக்கு நடுவே சாலை காலியாக நீண்டபோது, ஆரின் முன்னால் பார்த்தபடி, "இப்பவாவது மிதிடா," என்றான்.

மிதித்தான். மூவரும் சீட்டில் ஒட்டிக்கொண்டார்கள். சோடா லரூவின் மடியில் கொட்டியது. அவள் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை. மெரில் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். துளிப் புகை இல்லை, சாலை சுத்தமாக இருந்தது.

வேகம் தணிந்ததும் ஆரின் டாஷ்போர்டிலிருந்து கையை எடுத்தான்.

"இந்த மாதிரி இஞ்சின் பிளாக் இன்னும் எங்கயாவது கெடக்குமா?"

"வர்ற வியாழன் பர்லில ஒரு ஏலம் இருக்கு," என்றான் மெரில்.

"காலையிலயே வந்துடு. உன் வண்டியில போவோம்."